ஜோலினுக்குப் போகக் கூடாத பூ

அன்பு மகள் லேனிக்கு,

உன் அம்மா எழுதுவது. கடலில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருக்கிறாயோ தெரியாது, எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுக்கிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும், நாயைச் சேர்த்தால் நான்கு பேரும், உடம்பளவில் சௌக்கியம். இன்னும் குளிரே வரவில்லை, அதற்குள் அப்பாவின் முழங்கால் முனக ஆரம்பித்துவிட்டது, டாக்டரிடம் போங்கள் என்றால் காஸ் லாரியில் ஏறி இறங்குவதே வைத்தியம் என்கிறார். மழை ஒரு பொட்டு இல்லை, அக்டோபர் பாதி போயும் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது. மனசளவில் சௌக்கியமா என்று கேட்டால், முழுவதும் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். "வெஸ்ஸைப் போலீஸ் பிடிச்சிட்டுப் போயிடுச்சாமே, என்னம்மா நடக்குது அங்க" என்று பதறிப்போய் இரண்டு வரி அனுப்பியிருந்தாய். யார் உனக்கு அதைச் சொன்னது என்று நான் கேட்கப்போவதில்லை, எனக்குத் தெரியும், அவளுக்கு வேறு வேலை இல்லை. பிடித்துக்கொண்டு போகவில்லை. முதலில் அதைக் கேட்டு மூச்சு விட்டுக்கொள். உன் தம்பி இதோ சமையலறையில் நின்று பால் கேனில் நேராக வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறான், நான் பார்க்கவில்லை என்று அவனுக்கு நினைப்பு. அந்தப் பாலுக்கும் ஒரு கதை உண்டு, கடைசியில் எழுதுகிறேன். ஆனால் பிடித்துக்கொண்டு போகிற அளவுக்கு நெருங்கி வந்தது உண்மைதான். அதை அரையும் குறையுமாக யார் வாயிலிருந்தும் நீ கேட்க வேண்டாம், நானே எழுதிவிடுகிறேன்.

ஜோலின் கூபேனா உனக்கு ஞாபகம் இருக்கும். நீ போன தடவை லீவில் வந்தபோது பீச் பழம் வைத்த கொலாச்சி பன் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து கொடுத்தாளே, பள்ளி இசைக்குழுவில் கிளாரினெட் வாசிக்கிறவள், சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போய்விடும், அவள்தான். வெஸ்ஸும் அவளும் ஒன்றரை வருஷம் ஒன்றாகச் சுற்றினார்கள். ஜூன் மாதம் அவள் போதும் என்று சொல்லிவிட்டாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை, "நான் எங்க இருக்கேன், யாரோட இருக்கேன்னு நாள் முழுக்க உனக்குச் சொல்லிக்கிட்டே இருக்க முடியல வெஸ், மூச்சு முட்டுது" என்றாளாம். பதினேழு வயதுப் பையன் இரண்டு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான், அப்புறம் சரியாகிவிடும், அப்படித்தானே எல்லா வீட்டிலும். இவன் விடவில்லை. எழுந்ததும் மெசேஜ், படுக்கிற வரைக்கும் மெசேஜ், அவள் இவன் நம்பரை அடைத்ததும் சிநேகிதன் போனை வாங்கி அதிலிருந்து மெசேஜ். அவள் ஐஸ்கிரீம் கடையில் வேலை பார்த்தாள், இவன் எதிரே டயர்க் கடை வாசலில் பிக்கப் வண்டியை நிறுத்திவிட்டு அவள் வேலை முடிகிறவரை உட்கார்ந்திருப்பான். புல் வெட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவான், நானும் ஊரில் எல்லார் வீட்டுப் புல்லையும் என் பிள்ளைதான் வெட்டுகிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் இசைக்குழுப் பயிற்சி முடிந்து அவள் கிளம்புகிறபோது, அவள் காருக்குப் பின்னால் தன் வண்டியைக் குறுக்கே போட்டுவிட்டு, அவள் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு, "நான் சொல்றதக் கேட்டுட்டுப் போ, கேட்டுட்டுப் போ" என்று அந்தக் கொளுத்துகிற வெயிலில் அவளை நிற்க வைத்திருக்கிறான். கேட்டாச்சு, விடு என்று அவள் அழுதிருக்கிறாள், நான் இன்னும் முடிக்கல என்றானாம் இவன். வேறு ஒரு பையனின் அப்பா வந்து அதட்டிய பிறகுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தான். அடிக்கவில்லையே, மேலே கை வைக்கவில்லையே என்று உன் அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பெற்ற பிள்ளை என்பதற்காக மூடி மறைத்து எழுத எனக்கு வராது லேனி. அவன் செய்தது தப்பு, அந்தப் பெண் பயந்தது நியாயம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்கிறபோது உனக்கு உன் தம்பி மேல் பரிதாபம் மட்டும்தான் வரும்.

ஜோலின் வீட்டார் கோர்ட்டில் மனு கொடுத்து வாங்கின உத்தரவு வந்த நாளை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது அழுகையும் வருகிறது. நான் செய்து விற்கிற மம் பூ வேலை தலைக்கு மேல் கிடந்த நேரம். நீ உன் பழைய ஹோம்கமிங் போட்டோவைக் கப்பலில் காட்டினதற்கு "இது என்னடி, மாலையா, இல்ல குதிரைக்குப் பண்ற அலங்காரமா" என்று உன் சிநேகிதிகள் கேட்டார்களாமே, டெக்ஸஸில் பிறக்காதவர்களுக்கு என்ன தெரியும். தட்டு அகலத்துக்குத் துணியில் செய்த சாமந்திப் பூ, அதிலிருந்து தரை வரைக்கும் தொங்குகிற ரிப்பன், நடுவில் கரடிப் பொம்மை, குட்டிக் குட்டி மணிகள், பெண் பெயரும் கொடுக்கிற பையன் பெயரும் மினுக்கு எழுத்தில், அவரவர் வாசிக்கிற வாத்தியமோ ஆடுகிற விளையாட்டோ சின்னப் பித்தளைத் தொங்கலாக. பழைய மாணவர்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்பி வருகிற பந்தய வெள்ளிக்கிழமையில் அதை நெஞ்சில் குத்திக்கொண்டு ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்குள் நடந்தால் ஜல் ஜல் என்று சத்தம் முன்னால் போகும், அவள் பின்னால் வருவாள், அதுதான் மம் என்று அவர்களுக்குச் சொல்லு. கடைசி வருஷத்துப் பெண்ணுக்கு மட்டும் பள்ளிக்கூடக் கலரான பச்சை கிடையாது, வெள்ளையும் வெள்ளியும்தான், அந்த வெள்ளை மம்முக்காகத்தான் மற்ற வருஷம் எல்லாம் காத்திருப்பார்கள் என்றும் சொல்லு. அன்றைக்கு நம் கராஜில் நான்கு அம்மாக்கள் ரிப்பன் பொறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள், ஷெரீப் ஆபீஸ் போலீஸ் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. இறங்கினது நம் ஒர்ட்டேகா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நோரீன் அக்கா, வெஸ் இருக்கானா, அவன் கையிலதான் குடுக்கணும்" என்றார். வெஸ் வெளியே வந்தான், காகிதத்தை வாங்கினான், படித்தான், முகம் வெளுத்துப்போய் உள்ளே போய்விட்டான். ஒர்ட்டேகா வண்டி வரைக்கும் போனவர் திரும்பி வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான் அக்கா, வீட்டுல கேட்டு அனுப்பினா, எங்க மரிசாவோட மம் வெள்ளிக்கிழமைக்கு ஆயிடுமா?" என்றார். ஆயிடும், போங்க என்றேன், வேறு என்ன சொல்ல. அந்த நான்கு அம்மாக்களும் ரிப்பனைப் பார்த்த பார்வை எடுக்கவே இல்லை, அப்படி என்ன அந்த ரிப்பனில் இருந்ததோ. அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

உத்தரவில் எழுதியிருந்தது இதுதான். அவளோடு பேசக் கூடாது, எழுதக் கூடாது, அவள் வீட்டுப் பக்கமோ வேலை செய்கிற இடத்துப் பக்கமோ போகக் கூடாது, நேராகவோ இன்னொருவர் மூலமாகவோ எந்தச் செய்தியும் எந்தப் பொருளும் அவளுக்குப் போய்ச் சேரக் கூடாது. மீறினால் ஜெயில். பதினேழு முடிந்தவனை இங்கே சட்டம் பிள்ளையாகப் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியாதா என்ன. முழு விசாரணை நடந்து நீதிபதி உறுதி செய்தால் இரண்டு வருஷம் நீடிக்கும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் இவனை வேறு வகுப்புகளுக்கு மாற்றினார்கள், மணி அடித்து எல்லாரும் போன பிறகுதான் இவன் வெளியே வர வேண்டும், நாங்கள் கோயிலில் காலை முதல் ஆராதனைக்கு மாறிக்கொண்டோம். அவளும் அதே குழு என்பதால் இவன் இசைக்குழுவிலிருந்தும் விலக வேண்டியதாகிவிட்டது. அதுதான் அவனை உலுக்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து அந்த டூபாவை, அந்த ராட்சசப் பித்தளைக் குழலை, கட்டிக்கொண்டு அழுதவன், அவனைவிட அது பெரியதாக இருந்த காலத்திலிருந்து. உன் அப்பாவுக்கு வந்ததே கோபம். "சின்னப் பசங்க சமாச்சாரத்துக்குக் கோர்ட்டா, எங்க காலத்துல பொண்ணுங்க கோவிச்சுக்குவாங்க, பசங்க ரெண்டு நாள் வீட்டு வாசல்ல நிப்பாங்க, அவ்வளவுதான்" என்றார். "உங்க காலத்துல பொண்ணுங்க வாயத் தொறக்கல, அதனால பயப்படலன்னு உங்களுக்கு யாரு சொன்னது" என்றேன், அவர் கதவை அறைந்துவிட்டு லாரியைக் கழுவப் போனார், ஏற்கெனவே கழுவின லாரி. வக்கீல் வைத்தார், விசாரணையை ஹோம்கமிங் முடிந்த செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வாங்கினார். உத்தரவை உடைத்துவிட்டால் வருஷத்தின் கடைசிப் பந்தயங்களுக்காவது பையன் டூபாவை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நடப்பான் என்பதுதான் அவர் கணக்கு. வெஸ் அந்த வாரமெல்லாம் போகிற இடம் இல்லாமல் கராஜில் என் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்பனில் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் தலையை நிமிர்த்தாமலே, "அம்மா, அவ கோர்ட்டு மனுவுல எழுதியிருக்கறதப் படிச்சா யாரோ ஒரு ரவுடியப் பத்தி எழுதினாப்ல இருக்கு, நான் அப்படியா?" என்று கேட்டான். "அன்னிக்கு அவளுக்கு நீ அப்படித்தாண்டா இருந்திருக்க" என்றேன். அன்று அவன் ஒட்டின எழுத்தெல்லாம் கோணல்.

இனிமேல்தான் விஷயம். ஜோலினுக்கான வெள்ளை மம்மை நான் மே மாதமே செய்து முடித்துவிட்டேன், வீட்டுப் பிள்ளை கொடுக்கப்போகிறதாயிற்றே, மற்ற ஆர்டர்கள் வருவதற்கு முன்னால் ஆற அமர உட்கார்ந்து செய்தது, இத்தனை வருஷத்தில் என் கையால் அவ்வளவு அழகாக ஒன்று வந்ததில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கராஜில் மம் தொங்கவிடுகிற கம்பியின் கடைசியில் தொங்கவிட்டிருந்தேன். சீசன் முடியட்டும், அப்புறம் பிரித்துவிடலாம் என்று இருந்தேன். ஹோம்கமிங் வெள்ளிக்கிழமை காலையில் எல்லா மம்மையும் பள்ளிக்கூட ஆபீசில் கொண்டுபோய் வைப்பது உன் அப்பாவின் வேலை, எப்போதும் போல. அவர் அந்தப் பையைத் திறந்து பார்த்திருக்கிறார். தெரியாமல் எடுத்துக்கொண்டு போகவில்லை லேனி, தெரிந்துதான் எடுத்துக்கொண்டு போனார். கடைசி வருஷத்தில் ஒரு பெண் நெஞ்சு வெறுமனே பள்ளிக்கூடத்தில் நடப்பதா, என் வீட்டில் அவள் பெயர் எழுதின மம் தொங்கிக்கொண்டிருக்கும்போது, என்று அவர் மனசு கேட்கவில்லையாம். வெஸ் கொடுத்தால்தானே தப்பு, நான் கொடுக்கிறேன், பெயர் இல்லாமல் கொடுக்கிறேன் என்று தகரம் வெட்டுகிற கத்தரியால் வெஸ் பெயர் இருந்த ரிப்பனை மட்டும் நறுக்கிப் போட்டுவிட்டு வைத்துவிட்டு வந்துவிட்டார். அதைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் மனசும் செவ்வாய்க்கிழமைக்குள் கொஞ்சம் இளகும் என்று ஒரு நப்பாசையும் இருந்தது, அதையும் அப்புறம் ஒத்துக்கொண்டார். ஆனால் ரிப்பனுக்குள்ளே கிளாரினெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பித்தளை டூபாவும் தொங்கியது அவர் கண்ணில் படவில்லை.

அவள் கண்ணில் பட்டது. ஆபீசுக்குள் வந்து, தன் பெயரைப் பார்த்து, யார் கொடுத்திருப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே ரிப்பனை விலக்கியிருக்கிறாள். டூபாவைப் பார்த்ததும் கையிலிருந்து அப்படியே போட்டுவிட்டு, சுவரோடு சுவராகப் போய் நின்றுகொண்டாளாம். ஆபீஸ் பெண்மணி ஷெரீப்புக்குப் போன் போட்டாள், அவள் கடமை. எனக்கும் போன் வந்தது, விரலில் பசை ஒட்டினபடியே ஓடினேன். ஜோலினை அவள் அம்மா வேறு அறைக்குக் கூட்டிப் போயிருந்தாள். வெஸ்ஸை வகுப்பிலிருந்து அழைத்து வந்து பிரின்சிபால் அறையில் உட்கார வைத்திருந்தார்கள், ஒர்ட்டேகா எதிரே நின்றுகொண்டிருந்தார், இடுப்பில் விலங்கு இருந்தது, என் கண் அதை விட்டு நகரவில்லை. வெஸ்ஸுக்கு ஒன்றுமே புரியவில்லை. "நான் அனுப்பல சார்" என்றான், ஒரே ஒரு தடவை. அப்புறம் தன் போனைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்து ஒர்ட்டேகா பக்கம் தள்ளினான். "இது என்கிட்ட இருந்தா நான் இல்லன்னு அவளுக்கு மெசேஜ் போடணும்னு தோணும், நீங்களே வெச்சுக்கோங்க" என்றான். அந்த நிமிஷம் எனக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது, பசைக் கையோடு எப்படிக் கட்டிக்கொள்வது. இதற்குள் உன் அப்பாவுக்கு எப்படியோ தகவல் போய், பாதி ஊரில் காஸ் நிரப்பாமல் விட்டுவிட்டு லாரியோடு வந்து பள்ளிக்கூட வாசலை அடைத்து நிறுத்தினார். உள்ளே வந்து தொப்பியை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டு, "ஒர்ட்டேகா, பையனுக்குத் தெரியாது, நான்தான் வெச்சேன், கூட்டிட்டுப் போறதுன்னா என்னைக் கூட்டிட்டுப் போ" என்றார். முப்பது வருஷமாக அந்த மனிதர் தப்பு என்னுடையது என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒர்ட்டேகா நீளமாக ஒரு மூச்சு விட்டு, "ராய்ஸ் அண்ணே, அது பூவா இருந்தாலும் ஒண்ணுதான், கல்லா இருந்தாலும் ஒண்ணுதான், எதுவும் போகக் கூடாது. பையன ஜெயிலுக்கு அனுப்பப் பாத்தீங்களே" என்றார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார், மம்மைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார், கைது செய்யவில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை அரசு வக்கீல் இதைக் கிளப்பாமல் விட மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பந்தயத்துக்கு நாங்கள் போகவில்லை, போகவும் முடியாது. வீட்டில் மூன்று பேரும் மூன்று மூலையில். இசைக்குழு வாசிக்கிற சத்தம் காற்றில் இங்கே வரைக்கும் வரும் உனக்குத் தெரியுமே, வெஸ் கராஜ் கதவை இழுத்து மூடிவிட்டான். ஆனால் மறுநாள் ஒர்ட்டேகாவின் மகள் மரிசா தன் மம்மில் ஒரு மணி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தாள், வந்தவள் சொன்ன செய்தியில் எனக்குப் பாதி உயிர் வந்தது. ஜோலின் வீட்டுக்குப் போகிறேன் என்று அழுதாளாம், கிளாரினெட் பெண்கள் விடவில்லையாம். ஒவ்வொருத்தியும் தன் மம்மிலிருந்து ஒரு ரிப்பனையும் ஒரு மணியையும் வெட்டி எடுத்து, பாத்ரூமில் உட்கார்ந்து கையாலேயே பின்னி, ஒரு மம் செய்து அவளுக்குக் குத்திவிட்டார்களாம். "வெள்ளையும் பச்சையும் கலந்து கோமாளி மாதிரி இருந்துச்சு ஆன்ட்டி, ஆனா அவ சிரிச்சா" என்றாள் மரிசா. மணி விழவில்லை, இவள் கொடுத்த மணி அது. நான் அவளுக்கு இரண்டு மணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டு. வக்கீல் எங்களை வராந்தாவில் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்த் தன் யோசனையைச் சொன்னார். மம் விஷயம் பாதகம்தான், ஆனால் அதைச் செய்தது அப்பா, அதில் ஒன்றும் நிற்காது என்றார். ஜூன் மாதம் பிரிந்த புதிதில் ஜோலினும் இவனுக்கு ஒன்றிரண்டு மெசேஜ் அனுப்பியிருக்கிறாள், உன்னை நினைத்தால் அழுகையாக வருகிறது என்று. "அந்தப் பொண்ணக் கூண்டுல ஏத்தி அதை அவ வாயாலேயே படிக்க வைப்பேன், பயந்தவ இப்படியா எழுதுவான்னு கேப்பேன், பத்து கேள்வியில உளற ஆரம்பிச்சிடும், உங்க பையன் அடுத்த வெள்ளிக்கிழமை மைதானத்துல டூபா வாசிப்பான்" என்றார், காபி ஆர்டர் சொல்கிற மாதிரி. உன் அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். வெஸ் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அவன் பார்வை வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போயிருந்தது, அங்கே ஜோலின் அவள் அம்மா அப்பாவுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நானும் பார்த்தேன். நல்ல நீலக் கவுன், தலை வாரிப் பின்னியிருந்தாள், கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் அவள் கார் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சாவியைக் கையால் இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் குடிக்கும்போதுகூட விடவில்லை. "முன்னாடி சாவிய எங்க போட்டோம்னு தேடிக்கிட்டே இருப்பா" என்றான் வெஸ், யாரிடமும் இல்லாமல். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "அப்பா, இத விட்டுடலாம்ப்பா. அவ வேண்டாம்னு எத்தனையோ தடவ சொல்லிட்டா. இன்னொரு தடவ எல்லார் முன்னாடியும் சொல்ல வைக்க வேண்டாம்" என்றான். வக்கீல் பதறிப்போய், தம்பி அவசரப்படாதே, இரண்டு வருஷம், கல்லூரிக்கு விண்ணப்பம் போடுகிற நேரம், எல்லாம் காகிதத்தில் இருக்கும் என்று அடுக்கினார். நான் உன் அப்பாவின் கையைப் பிடித்தேன், பிடிக்க விட்டார். கடைசியில் வக்கீலிடம், "பேசறது உங்க வேலை, பேசாம இருக்கறது இப்ப அவன் வேலை. அவன் வேலைய அவன் பாக்கட்டும்" என்றார். அவர் குரல் உடைந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உள்ளே நீதிபதி ஒரு அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். உத்தரவுக்குச் சம்மதிக்கிறாயா என்று கேட்டார், வெஸ் எழுந்து நின்று சம்மதிக்கிறேன் என்றான். இரண்டு வருஷம், ஒரு மெசேஜ், ஒரு பூ, ஒரு சிநேகிதன் வாயில் ஒரு வார்த்தை போனாலும் என் முன்னால் விலங்கோடுதான் நிற்பாய், புரிகிறதா என்று கேட்டார், பூ என்று சொல்லும்போது உன் அப்பாவைப் பார்த்தார், அவர் காது சிவந்தது. புரிகிறது என்றான். வாரா வாரம் சனிக்கிழமை ஒரு வகுப்புக்குப் போக வேண்டும், கோபத்தையும் பிடிவாதத்தையும் பற்றி அங்கே பேசுவார்கள், அதற்கும் சரி என்றான். எல்லாம் முடிந்து காகிதத்தை மூடும்போது, "தம்பி, நீ ஏதாவது சொல்ல விரும்பறியா?" என்று கேட்டார். அவனுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது லேனி, எனக்குத் தெரியும், முந்தின நாள் முழுக்க ஒரு மன்னிப்பை எழுதி எழுதிக் கிழித்துப்போட்டுக்கொண்டிருந்தான். அவன் ஜோலின் பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதியைப் பார்த்து, "இல்லீங்க. அவ கேட்டே ஆகணும்கிற மாதிரி என்கிட்ட எதுவும் இல்லீங்க" என்றான். நான் ஜோலினைப் பார்த்தேன், பார்க்கக் கூடாது என்று இருந்தும் பார்த்துவிட்டேன். அவள் தலை நிமிரவில்லை. ஆனால் சாவியைப் பிடித்திருந்த கை மெல்ல மடிக்கு இறங்கியது. அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது, அதுவரைக்கும் வரவில்லை.

இப்போது வீடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய நிலைக்கு வருகிறது. மம்மை ஷெரீப் ஆபீசிலிருந்து திருப்பிக் கொடுத்தார்கள், உன் அப்பாவே உட்கார்ந்து பிரித்தார், ரிப்பனை ரிப்பனோடு, மணியை மணியோடு. பித்தளை டூபாவை மட்டும் லாரிச் சாவியில் மாட்டிக்கொண்டார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் இப்போது யாராவது சின்னப் பசங்க சமாச்சாரம் என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறார். பள்ளிக்கூட டூபாவைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அன்றைக்கு வெஸ் சாப்பிடவில்லை, அதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் பக்கத்து ஊர் பிளம் ஸ்பிரிங்ஸில் ஞாயிற்றுக்கிழமை நடனத்துக்கு வாசிக்கிற போல்கா கூட்டத்தில் டூபாக்காரருக்கு முதுகு ஆபரேஷனாம், ஆள் தேடுகிறார்கள் என்று சனிக்கிழமை வகுப்பில் கேள்விப்பட்டு, தானே போய்க் கேட்டு, அவர் டூபாவையே வாங்கி வாசிக்கிறான். இவனைத் தவிர அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் பேரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். "அம்மா, ரெண்டு பாட்டுக்கு நடுவுல அரை மணி நேரம் ஆபரேஷன் கதை சொல்றாங்கம்மா" என்று புலம்புகிறான், ஆனாலும் போகிறான். சனிக்கிழமை வகுப்பைப் பற்றி முதல் வாரம் மூச்சு விடவில்லை, இரண்டாம் வாரம், "அங்க எல்லாரும் என்ன மாதிரியே 'நான் அடிக்கலையே'ன்னு ஆரம்பிக்கறாங்கம்மா" என்றான். அது போதும் எனக்கு இப்போதைக்கு.

பால் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை பால் வாங்கி வா என்று அனுப்பினேன், நம் கடைக்குப் போய் வர எவ்வளவு நேரம் ஆகும், பான்கேக்குக்கு மாவை அளந்து வைத்துவிட்டு நான் காத்துக்கொண்டே இருக்கிறேன், ஆளைக் காணோம். எனக்குப் பயம், பழைய மாதிரி எங்கேயாவது வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானோ என்று. அந்தக் கேள்வி நாக்கு வரை வந்துவிட்டது, எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அம்மாவுக்கு அந்தப் பயம் போக இன்னும் நாளாகும். வந்ததும் பிடித்துக்கொண்டேன், "பால் வாங்கப் போனியா, மாடு வாங்கப் போனியா" என்று. கேனை மேஜையில் வைத்தான், பை பிளம் ஸ்பிரிங்ஸ் கடையினுடையது. "நம்ம கடை வாசல்ல அவ கார் நின்னுச்சும்மா" என்றான், அவ்வளவுதான், போய் நாய்க்குத் தண்ணீர் வைத்தான். போகவர முழுதாக ஒரு மணி நேரம், ஒரு கேன் பாலுக்கு. யாரும் பார்க்கவில்லை, யாரும் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியவும் போவதில்லை. அன்று நான் சுட்ட பான்கேக்கில் பாதி கருகிவிட்டது, கண் மங்கி அடுப்பு தெரியவில்லை.

ஆகவே கவலைப்படாதே. உன் கப்பலையும் அதில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் ஆண்டவர் தன் கையில் வைத்துப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும், உனக்கு நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதர்களும் கொடுக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்குமா என்று முன்கூட்டியே சொல்லு, உன் அறையில் இப்போது ரிப்பன் பெட்டிகள் இருக்கின்றன, ஒதுக்க வேண்டும். உன்னையும் எவனாவது எங்கே போனாய், எங்கே இருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தால், அது பாசம் என்று நினைத்துவிடாதே, உன் அம்மா ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒன்று, மறக்காமல் செய். தம்பிக்கு ஒரு கடிதம் எழுது. புத்தி சொல்லாதே, சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறோம், கப்பலில் என்ன சாப்பாடு, கடல் என்ன நிறம் என்று எழுது. அவன் உடனே பதில் போடாவிட்டால் மறுபடி மறுபடி எழுதிக் கேட்காதே, சும்மா காத்திரு. இந்த வீட்டில் நாங்கள் எல்லாரும் இப்போது அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறோம்.

பசை ஒட்டின விரலோடும் நிறைந்த மனசோடும்,
உன் அம்மா
நோரீன்